சான்றிதழை யார் படிக்கப் போகிறார்?

வாசகர் கேள்வி – பதில்: கணினிப் பாதுகாப்பு வேலைகள்

"கணினிப் பாதுகாப்புத் துறையில் சேரச் சான்றிதழ் அவசியமா?" என்று சென்ற மாதம் ஒருவர் கேட்டிருந்தார். இடம் இல்லாததால் "ஆளைப் பொறுத்தது" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டேன். அதன்பின் வந்த கடிதங்களைப் படித்தபோது அந்த ஒரு வரி எவ்வளவு போதாதது என்று புரிந்தது. சிலர் பணம் கட்டுவதற்கு முன் கேட்கிறார்கள், சிலர் கட்டிவிட்டுக் கேட்கிறார்கள். ஒரு தாய் நகையை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறார். இந்த மாதம் பக்கம் முழுவதும் இதற்கே.

மகன் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறான். சேலத்தில் ஒரு பயிற்சி நிறுவனத்தில் எத்திக்கல் ஹேக்கிங் படிக்கச் சொல்கிறார்கள். ஆறு மாதம், ஆறு சர்வதேசச் சான்றிதழ், நூறு சதவீத வேலை உத்தரவாதம். கட்டணம் 1,85,000 ரூபாய். இரண்டு தறி ஓட்டும் குடும்பம் எங்களுடையது. மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்தால் கட்டிவிடலாம். சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, ராசிபுரம்

சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். இப்போதைக்கு எங்கும் பணம் கட்ட வேண்டாம்.

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த விளம்பரத் தாளை மூன்று முறை படித்தேன். ஆறு சான்றிதழ்களில் ஐந்து, பயிற்சி முடித்ததற்காக அந்த நிறுவனமே அச்சடித்துக் கையெழுத்திட்டுத் தருபவை. வெளியே அவற்றை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆறாவது சி.இ.ஹெச்., அதாவது 'சர்டிஃபைட் எத்திக்கல் ஹேக்கர்'. அது உண்மையான சான்றிதழ்தான். இ.சி. கவுன்சில் என்ற அமைப்பு வழங்குவது. நான்கு மணி நேரத்தில் 125 கேள்விகள். ஆனால் உங்கள் தாளில் 'சி.இ.ஹெச். பயிற்சி' என்றுதான் போட்டிருக்கிறது. தேர்வுக் கட்டணமும் இந்தத் தொகையில் அடக்கம் என்று எங்கும் இல்லை. அந்தத் தேர்வை எழுதுவதற்கான வவுச்சர், அதாவது அனுமதிச் சீட்டே, ஆயிரம் டாலரை ஒட்டி வரும். எல்லாம் கட்டி முடித்த பிறகு, ஆறாவது மாதம் "தேர்வுக்குத் தனியாகக் கட்டுங்கள்" என்றால் என்ன செய்வீர்கள்? அடுத்த நகையை எடுப்பீர்கள். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகளின் ஆசையைத்தான் இவர்கள் விலை பேசுகிறார்கள்.

வேலை உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த நிறுவனம், என்ன வேலை, என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்று எழுதிக் கையெழுத்துப் போடத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இனி, சான்றிதழ் எதற்காக என்று சொல்கிறேன். உங்கள் மகனை முன்பின் அறியாத ஒருவர் அவரை நம்புவதற்கு ஒரு பிடி வேண்டும். அதற்காக வந்ததுதான் இந்த ஏற்பாடு. ஆகவே அதை யார் படிக்கப் போகிறார் என்பதே முதல் கேள்வி. முதலில் படிப்பவர் நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவில் இருப்பவர், பல இடங்களில் ஒரு மென்பொருள். அவர்களுக்கு இந்தத் தொழில் தெரியாது. கேட்ட பெயர் ரெஸ்யூமில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அடுத்து வாடிக்கையாளரோ தணிக்கையாளரோ, குழுவில் எத்தனை பேருக்குச் சான்றிதழ் இருக்கிறது என்று எண்ணுவார்கள். மூன்றாவதாக, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை வாங்கப்போகும் என்னைப் போன்ற ஒருவர். முதல் இருவருக்கும் சான்றிதழ் முக்கியம். மூன்றாமவருக்கு, ஆளுக்கு என்ன தெரியும் என்பதுதான் முக்கியம். உங்களிடம் விலை பேசப்படும் அந்த ஐந்து தாள்கள் இந்த மூவரில் ஒருவரிடமும் செல்லாது.

நேர்காணலுக்கு வருபவர்களிடம் நான் ஒரு தாள் தருவேன். ஒரு விண்டோஸ் சர்வரில் நடப்பதை நேரத்தோடு குறித்து வைக்கும் லாக் பதிவிலிருந்து எடுத்த 41 வரிகள். 4625 என்ற எண் 37 முறை வரும், பிறகு 4624 ஒரு முறை, அதன்பின் 4720, 4732, கடைசியில் 1102. எல்லாம் அதிகாலை 2.10-க்கும் 2.31-க்கும் இடையில். எண்களின் பொருளைத் தாளின் அடியிலேயே எழுதியிருப்பேன்: உள்நுழைவு தோல்வி, உள்நுழைவு வெற்றி, புதிய கணக்கு உருவாக்கம், அந்தக் கணக்கு ஒரு குழுவில் சேர்ப்பு, லாக் அழிப்பு. மனப்பாடம் எதுவும் தேவையில்லை. "என்ன நடந்தது, கதையாகச் சொல்லுங்கள்" என்பேன்.

தென்காசிப் பக்கம் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் மூன்று ஆண்டு வேலை பார்த்த ஒரு இளைஞர் வந்தார். கையில் ஒரு சான்றிதழும் இல்லை. தாளை இரண்டு நிமிடம் பார்த்தார். "கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து உள்ளே வந்துவிட்டான் மேடம். வந்தவன் தனக்கென்று ஒரு சாவி செய்து, அதற்கு அதிகாரமும் கொடுத்துக்கொண்டு, வந்த தடத்தை அழித்திருக்கிறான்" என்றார். கொஞ்சம் யோசித்து, "அழித்த பிறகும் இந்தத் தாள் உங்களிடம் இருக்கிறதென்றால், லாக் வேறு ஏதோ ஓர் இடத்துக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது, இல்லையா?" என்று கேட்டார். பதினோரு ஆண்டுகளாக அந்தத் தாளைக் கொடுத்து வருகிறேன். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டவர்கள் மிகச் சிலர்.

அதே இளைஞரின் விண்ணப்பத்தை எங்கள் ஹெச்.ஆர். பிரிவு அதற்கு முன் இரண்டு முறை தள்ளியிருந்தது, சான்றிதழ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக. சக ஊழியர் ஒருவர் கையோடு கொண்டுவந்து கொடுத்ததால்தான் என் மேசைக்கு வந்தது. வேலையில் சேர்ந்த பிறகும், வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும் என்று இருந்தது. நிறுவனத்தின் செலவிலேயே 'செக்யூரிட்டி பிளஸ்' என்ற அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வை எழுதினார். நான்கு மாதம் படித்தார், முதல் முறையிலேயே தேறினார். ஆகவே, சான்றிதழே வேண்டாம் என்று உங்கள் மகனுக்கு நான் சொல்லவில்லை. வாங்கும் நேரமும் வாங்கும் இடமும் இதுவல்ல என்கிறேன்.

எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு மடிக்கணினி இருந்தால் ஆறு மாதத்துக்குப் போதும். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் லினக்ஸ் நிறுவச் சொல்லுங்கள். ஓவர்-தி-வயர் தளத்தில் 'பேண்டிட்' என்ற பயிற்சி விளையாட்டு, போர்ட்ஸ்விக்கர் தளத்தின் வெப் செக்யூரிட்டி அகாடமி, யூடியூபில் ப்ரொஃபசர் மெஸ்ஸரின் செக்யூரிட்டி பிளஸ் பாடங்கள் ஆகிய மூன்றும் இலவசம். வயர்ஷார்க் போட்டு வீட்டு இணையத்தில் என்னென்ன போய்வருகிறது என்று தினமும் அரை மணி நேரம் பார்க்கட்டும். பார்த்ததை ஒரு நோட்டில், தப்புத் தப்பான ஆங்கிலமாக இருந்தாலும், எழுதட்டும். கூடவே நெட்வொர்க் சப்போர்ட், ஹெல்ப் டெஸ்க் வேலைகளுக்கு விண்ணப்பிக்கட்டும். கணினிப் பாதுகாப்பில் இன்று பெரிய பொறுப்பில் இருக்கும் பலர் கேபிள் இழுத்த கைகளோடு வந்தவர்கள்தான்.

ஐ.எஸ்.சி.2 என்ற அமைப்பு 2022-இல் தொடக்கநிலைச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தது, 'சி.சி.' என்பார்கள். பத்து லட்சம் பேருக்குப் பயிற்சியும் தேர்வும் இலவசம் என்று அறிவித்தார்கள். பதிவு செய்யும் முன் அந்தச் சலுகை நடைமுறையில் இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளட்டும். தேறியபின் ஆண்டுக்கு 50 டாலர் கட்ட வேண்டியிருக்கும், அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி ஒன்றின் ஐ.டி. பிரிவில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். கிளை நெட்வொர்க், சர்வர் பராமரிப்பு, தணிக்கைக்குப் பதில் எழுதுவது எல்லாம் பார்த்திருக்கிறேன். வயது 38. சி.ஐ.எஸ்.ஏ. படிப்பதா, சி.ஐ.எஸ்.எஸ்.பி. படிப்பதா?
– ஒரு வாசகர், மதுரை

உங்களுக்கு முதலில் சி.ஐ.எஸ்.ஏ. அது கணினித் தணிக்கைக்கான சான்றிதழ். சி.ஐ.எஸ்.எஸ்.பி. கணினிப் பாதுகாப்பு முழுவதையும் தொடுவது.

ரிசர்வ் வங்கி 2016 ஜூனில் வங்கிகளுக்கான சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பைக் கொண்டுவந்தது. கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி, தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு விதி வரும்போதும், செய்தோமா என்று ஆதாரம் கேட்டு ஒருவர் வருவார், ஆதாரத்தை எடுத்துக் கொடுக்க உள்ளே ஒருவர் வேண்டும். நீங்கள் 14 ஆண்டுகளாக அந்த இரண்டாமவராக இருந்திருக்கிறீர்கள். சி.ஐ.எஸ்.ஏ. அந்த அனுபவத்தைத்தான் கேள்வியாகக் கேட்கிறது. 150 கேள்விகள், நான்கு மணி நேரம், 800-க்கு 450 எடுக்க வேண்டும். அதை நடத்தும் ஐசாக்கா, கணினித் தணிக்கையாளர்கள் 1969-இல் கூடி ஆரம்பித்த சங்கம். உங்கள் பதவி உயர்வுக் குழுவில் இருப்பவர்களும் உங்களைத் தணிக்கை செய்ய வருபவர்களும் அந்தப் பெயரை அறிவார்கள். படிக்கப்போகிறவர் அவர்கள் என்பதால் அதுவே உங்களுக்கு ஏற்றது.

ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்குத் தடையே இல்லை. தேர்வுக் கட்டணம் ஐசாக்கா உறுப்பினருக்கு 575 டாலர், மற்றவருக்கு 760. கட்டுவதற்கு முன் உங்கள் வங்கியின் பயிற்சிப் பிரிவில் ஒரு வார்த்தை கேளுங்கள். தேறினால் கட்டணத்தைத் திருப்பித் தரும் வங்கிகள் உண்டு. வங்கி ஊழியர்களுக்குத் தேர்வு நடத்தும் ஐ.ஐ.பி.எஃப். அமைப்பின் சைபர் குற்றத் தடுப்புத் தேர்வைச் செலவு குறைந்த முன்பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம்.

சி.ஐ.எஸ்.எஸ்.பி.யை இரண்டு ஆண்டு கழித்து எழுதுங்கள். எட்டுப் பிரிவுகள், 749 டாலர். வங்கியை விட்டுத் தணிக்கை நிறுவனத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதுவும் தேவைப்படும். உதாரணமாக, கார்டு தகவல் பாதுகாப்பைச் சோதிக்கும் பி.சி.ஐ. தணிக்கையாளருக்குப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து ஒரு சான்றிதழ், தணிக்கைப் பட்டியலிலிருந்து ஒன்று என இரண்டு வேண்டும்.

நான் சி.ஐ.எஸ்.எஸ்.பி. எழுதியது 2009-இல், பெங்களூரில் ஓர் ஓட்டல் மண்டபத்தில். அப்போது தாளில்தான் தேர்வு. பென்சிலால் 250 கேள்விகளுக்கு வட்டம் நிரப்ப வேண்டும், ஆறு மணி நேரம். இப்போது கணினியில் மூன்று மணி நேரம், 100 முதல் 150 கேள்விகள். தேறியதும் சம்பளம் உயரவில்லை. வேறொன்று நடந்தது. அதற்கு முன் வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தொலைபேசிக் கூட்டங்களில் நான் சொல்வதை என் மேலாளர் மறுபடி சொன்னால்தான் ஏறும். என் பெயருக்குப் பின்னால் அந்த ஐந்து எழுத்துகள் வந்த பிறகு என்னிடமே நேராகக் கேட்டார்கள். நான் சொன்ன விஷயம் முன்பு சொன்னதேதான். ஒரு பெண்ணாக அன்று அது எனக்குத் தேவைப்பட்டது. அப்படித் தேவைப்பட்டிருக்கக் கூடாது என்று இன்றும் நினைக்கிறேன்.

வெளிநாட்டு வேலை விளம்பரங்களில் எங்கு பார்த்தாலும் செக்யூரிட்டி பிளஸ் கேட்கிறார்களே, ஏன்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைதான் காரணம். தன் கணினி அமைப்புகளைத் தொடும் ஊழியருக்கும் ஒப்பந்ததாரருக்கும் இன்ன பணிக்கு இன்ன சான்றிதழ் வேண்டும் என்று 8570 என்ற விதித்தொகுப்பில் அது வகுத்தது. இப்போது அந்த இடத்தில் 8140 இருக்கிறது. அந்தப் பட்டியலில் செக்யூரிட்டி பிளஸ் இடம்பெற்றது. ஒப்பந்த நிறுவனங்கள் பின்பற்றின, அவர்களைப் பார்த்து மற்றவர்களும் விளம்பரத்தில் போட ஆரம்பித்தார்கள். நம் ஊர் நிறுவனங்களில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அடிப்படை தெரியும் என்பதற்கு நல்ல அடையாளம் அது. பாடத்திட்டமும் ஒழுங்கானது.

பொறியியல் இறுதியாண்டு மாணவி. டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் ஓ.எஸ்.சி.பி. எழுதினேன். 40 மதிப்பெண்தான் கிடைத்தது. மீண்டும் எழுதவா, விட்டுவிடவா? இன்னொன்று: எங்கள் கல்லூரி இணையதளத்தில் மாணவர் தகவல் வெளியே தெரியும் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தேன். அதை ரெஸ்யூமில் போடலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். போடக் கூடாது.

அனுமதி வாங்கிச் சோதித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கியிருந்தால் கட்டாயம் எழுதியிருப்பீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66-ஆம் பிரிவுகளின்படி, உரியவர் அனுமதி இல்லாமல் ஒரு கணினி அமைப்புக்குள் தீய நோக்கோடு நுழைவது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் எண்ணம் நல்லதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை ஒரு காவல் நிலையத்தில் உட்கார்ந்து நிரூபிக்கும் நிலைக்கு நீங்கள் போகக் கூடாது. இனி அந்தத் தளத்தில் எதையும் தொடாதீர்கள். எடுத்த மாணவர் தகவல் ஏதாவது உங்கள் கணினியில் இருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், நண்பர்களுக்குக் காட்டவும் வேண்டாம். நம்பிக்கையான பேராசிரியர் ஒருவரிடம் நடந்ததைச் சொல்லி, அவர் வழியாக நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். அங்கே கேட்பார் இல்லை என்றால் செர்ட்-இன் அமைப்புக்கு எழுதலாம். பாதுகாப்புக் குறைகளைப் பற்றிய தகவலை அவர்கள் பெற்றுக்கொள்கிறார்கள்.

நேர்காணலில் இந்தச் சம்பவத்தைப் பெருமையாகச் சொன்ன இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். திறமைசாலிகள். ஆனால் வாடிக்கையாளரின் சர்வரைத் திறந்து இவர் கையில் கொடுக்கலாமா என்ற கேள்வி அந்த நிமிடமே எனக்குள் எழுந்துவிடும். ஊடுருவல் சோதனை, அதாவது அனுமதியோடு தாக்கிப் பார்த்து ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் வேலை, செய்பவருக்கு, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கையெழுத்தான ஒரு தாள் இல்லாமல் விசைப்பலகையில் கை போகக் கூடாது.

இனி ஓ.எஸ்.சி.பி. ஊடுருவல் சோதனைக்கான சான்றிதழ் அது. 23 மணி 45 நிமிடம் உட்கார்ந்து, தேர்வுக்காக வைத்திருக்கும் இயந்திரங்களின், அதாவது கணினிகளின், பாதுகாப்பை உடைத்து, அடுத்த 24 மணி நேரத்தில் அறிக்கை எழுதித் தர வேண்டிய தேர்வு. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழியே அதில் கிடையாது. தேற 70 வேண்டும், நீங்கள் 40 எடுத்திருக்கிறீர்கள். 40 மதிப்பெண் ஆக்டிவ் டைரக்டரி தொகுதிக்கு உரியது, ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் போல ஒன்றோடொன்று இணைத்து வைத்த கணினிகள் அவை. அதை முழுமையாக முடித்து அந்த 40-ஐ எடுத்திருந்தால் நீங்கள் பலவீனமானவர் அல்ல. தனி இயந்திரங்கள் மூன்றில்தான் தடுமாறியிருக்கிறீர்கள். கல்லூரி மாணவி ஒருவர் அந்த நீண்ட இரவைக் கடந்து வந்ததே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

மறுதேர்வுக்கு 249 டாலர். அதை உடனே கட்டாதீர்கள். மூன்று மாதம் ஹேக் தி பாக்ஸ் என்ற பயிற்சித் தளத்தில் பழைய இயந்திரங்களைத் தனியாக உடைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும், அங்கே உங்களால் உடைக்க முடியாத இயந்திரத்துக்கும் சேர்த்து, வாடிக்கையாளருக்குத் தருவது போல ஓர் அறிக்கை எழுதுங்கள்: எங்கே நுழைந்தேன், எந்தக் கட்டளை, என்ன கிடைத்தது, எப்படிச் சரிசெய்வது. எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் காசு கொடுப்பது அந்த அறிக்கைக்குத்தான். உடைக்கத் தெரிந்த பலருக்கு அதைப் பிறருக்குப் புரியும்படி எழுதத் தெரியவில்லை. இந்த அறிக்கைகளில் சிறந்த மூன்றை ரெஸ்யூமோடு இணைத்து அனுப்புங்கள். நடப்பில் உள்ள இயந்திரங்களின் விடையை மட்டும் வெளியிடக் கூடாது, அந்தத் தளத்தின் விதி அது. ஊடுருவல் சோதனைக் குழுவுக்கு ஆள் எடுப்பவர் நீங்கள் தேறினீர்களா என்று கேட்பதற்கு முன் அந்த மூன்றையும் படித்துவிடுவார்.

எங்கள் அலுவலகத்தில் எல்லோருமே 'டம்ப்' வாங்கி மனப்பாடம் செய்துதான் தேறுகிறார்கள். நான் மட்டும் ஏன் புத்தகத்தோடு மல்லாட வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாதவர், சென்னை

டம்ப் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்கு: தேர்வு எழுதியவர்களிடமிருந்து திருடிச் சேர்த்த கேள்வி–விடைத் தொகுப்பு. திருட்டு என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். தேர்வுக்கு முன் நீங்கள் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்திலேயே அது தடை செய்யப்பட்டிருக்கிறது. பிடிபட்டால் சான்றிதழை ரத்து செய்து, மறுபடி எழுதவும் தடை போடுவார்கள்.

பிடிபடாமல் தேறியவர்கள் என்னிடம் வருகிறார்கள். மேலே சொன்ன 41 வரித் தாளை, நான்கு சான்றிதழ் வைத்திருந்த ஒருவரிடம் சென்ற ஆண்டு கொடுத்தேன். முதல் வரியைப் பார்த்தவுடன் 'ப்ரூட் ஃபோர்ஸ்' என்றார், கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு அதுதான் பெயர். சரி, பிறகு? மீண்டும் 'ப்ரூட் ஃபோர்ஸ்' என்றார். 38-ஆவது வரியில் திருடன் உள்ளே வந்துவிட்டதை அவர் பார்க்கவே இல்லை. கேள்வியில் அடையாளச் சொல்லைத் தேடி விடையைக் குறிக்கவே அவருடைய கண் பழகியிருந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது. படித்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும், மந்தமான ஆள் இல்லை.

உங்கள் அலுவலகத்தில் ஒரு நாள் இரவு மூன்று மணிக்குக் கோப்புகளின் பெயர்கள் எல்லாம் மாற ஆரம்பிக்கும், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவர்களின் வேலை அது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பரில் நடந்த தாக்குதலை நினைத்துப் பாருங்கள். நோயாளிகளின் பதிவைக் கையால் எழுத வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் பொறுப்பில் இருப்பவர் டம்ப் படித்தவரா, புத்தகத்தோடு மல்லாடியவரா என்பது வரிசையில் நிற்கும் நோயாளியைப் பாதிக்கும். நீங்கள் புத்தகத்தைத் திறங்கள்.

ஒரு முறை வாங்கிய சான்றிதழ் காலம் முழுவதும் செல்லுமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பெரும்பாலும் செல்லாது. செக்யூரிட்டி பிளஸ் மூன்று ஆண்டுக்கு. 2011-க்கு முன் வாங்கியவர்களுக்கு மட்டும் ஆயுள் முழுக்க. சி.ஐ.எஸ்.எஸ்.பி. வைத்திருப்பவர் மூன்று ஆண்டில் 120 மணி நேரத் தொடர்கல்விக் கணக்குக் காட்ட வேண்டும், ஆண்டுக் கட்டணமும் உண்டு. ஓ.எஸ்.சி.பி. காலாவதி ஆகாது, ஆனால் 2024 நவம்பரிலிருந்து அதனோடு வரும் 'ஓ.எஸ்.சி.பி. பிளஸ்' மூன்று ஆண்டுக்குத்தான். வாங்கும் விலையோடு வைத்திருக்கும் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

2012 முதல் 2018 வரை நெட்வொர்க் சப்போர்ட் வேலை பார்த்தேன். குழந்தைகளுக்காக விட்டுவிட்டேன். சி.சி.என்.ஏ. என்ற நெட்வொர்க் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது. இப்போது கணினிப் பாதுகாப்பில் நுழைய முடியுமா? எந்தச் சான்றிதழில் தொடங்குவது? வீட்டில் இருப்பவர்கள் "இனி என்ன படிப்பு" என்கிறார்கள்.
– ஒரு வாசகி, திருச்சி

முடியும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. கோவையில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி செய்துகொண்டிருந்தேன். 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் வந்தது. யாரோ திறந்தார்கள். அரை மணி நேரத்தில் அலுவலகம் முழுவதும் அதே கடிதம். எல்லாக் கேபிள்களையும் பிடுங்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் பிடுங்கினேன். அங்கிருந்துதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். மூன்று ஆண்டு கழித்து மகள் பிறந்தபோது இரண்டு ஆண்டு வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது என்னைவிடப் பின்னால் சேர்ந்தவர்கள் எனக்கு வேலை ஒதுக்கினார்கள். "இனி என்ன படிப்பு" என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன்.

உங்கள் ஆறு ஆண்டுகள் வீணாகவில்லை. சி.ஐ.எஸ்.எஸ்.பி.யின் எட்டுப் பிரிவுகளில் ஒன்று நெட்வொர்க் பாதுகாப்பு. கேட்கும் ஐந்து ஆண்டு அனுபவம் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, கூட்டுக்கணக்குத்தான். பகுதிநேர வேலையும் கணக்கில் வரும். ஆனால் குறைந்தது இரண்டு பிரிவுகளில் அனுபவம் காட்ட வேண்டும், அந்த இரண்டாவது உங்களிடம் இப்போது இல்லை. ஆகவே அது பிறகு. முதலில் செக்யூரிட்டி பிளஸ். உங்கள் ரெஸ்யூமைப் படிக்கும் ஹெச்.ஆர். ஊழியர் 2018-க்குப் பின் உள்ள வெற்றிடத்தைத்தான் பார்ப்பார். இந்த ஆண்டின் தேதி போட்ட ஒரு சான்றிதழ் அந்த இடத்தில் உட்கார்ந்தால் அவர் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். சான்றிதழ் மிக அதிகமாக உதவுவது உங்களைப் போல இடைவெளிக்குப் பின் திரும்பி வருகிறவர்களுக்குத்தான்.

தாக்குதல் நடக்கிறதா என்று இரவு பகலாகக் கவனிக்கும் கண்காணிப்பு மைய வேலைகளில் இரவு ஷிஃப்ட் உண்டு. நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள், தயங்காதீர்கள். இரவு முடியாதென்றால் தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 27001 தணிக்கைக்கான தயாரிப்பு, விதிமுறைப் பணி போன்ற பகல்நேர வேலைகளைத் தேடுங்கள்.

வீட்டு மடிக்கணினியில் விண்டோஸோடு வரும் ஈவென்ட் வியூவரைத் திறந்து செக்யூரிட்டி லாகைப் பாருங்கள். 4624, 4625 இரண்டையும் தேடுங்கள். குழந்தைகள் எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எத்தனை முறை கடவுச்சொல்லைத் தவறாகப் போட்டார்கள் என்று அதிலேயே தெரியும். ஒரு வாரப் பதிவைக் கதையாக இரண்டு பக்கம் எழுதி, இந்தப் பகுதியின் முகவரிக்கு என் பார்வைக்கு என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். படித்துத் திருத்தி அனுப்புகிறேன்.